வாசலில் நின்றவன் சொன்னது

2021 மே மாதம். இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நாட்கள். வியாசர்பாடி பி.வி. காலனியில் எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வராத நாள் இல்லை. அப்படி ஒரு ராத்திரி டொராண்டோவிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தால், "அண்ணா, நம்ம பூர்வீகம் இன்னான்னு போடட்டும்?" என்றாள்.

கனடாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் இரண்டு வகை. பெரும்பாலான வீடுகளுக்குச் சின்னது போகும், நாலில் ஒரு வீட்டுக்கு நீளமானது. இவளுக்கு நீளமானது வந்திருந்தது. அதில் ஒரு கேள்வி, முன்னோர்களின் இன அல்லது பண்பாட்டு மூலம் என்ன என்று. நீ யார் என்று கேட்கவில்லை, உன் முன்னோர் யார் என்று கேட்கிறது. டிக் அடிக்கப் பெட்டிகள் கிடையாது, வெறும் காலிக் கட்டங்கள். எத்தனை பொருந்துமோ அத்தனையும் எழுதிக்கொள்ளலாம் என்று குறிப்பு வேறு. "தமிழ்னு போட்டு முடி" என்றேன். "பர்மீஸ்னும் போடட்டுமா? ஆயாவோட அம்மா..." என்று இழுத்தாள். "அதெல்லாம் எதுக்கு? பிப்ரவரியில மிலிட்டரி ஆட்சியப் பிடிச்சதுலேர்ந்து அங்க இன்னா நடக்குதுன்னு டிவியில பாக்கறல்ல. பர்மான்னு எழுதி வச்சிட்டு, நாளைக்கு விசாவுல எவனாவது நோண்டுவான். தமிழ் மட்டும் போடு" என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆயா கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நீ எத்தினி பேருக்குடா இப்படிப் பதில் சொல்லிக்கினே இருப்ப?" என்றாள். அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தங்கச்சி நான் சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டாள். அந்த வாக்கியம் மட்டும் எனக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆயா அதைக் கோபத்தில் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். நிஜமாகவே எண்ணிக்கை தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள்.

ஆயாவின் அம்மா

ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். 1940-ல் ரங்கூனில் பிறந்தவள். அவள் அப்பா தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதப் போனவர். அம்மா பர்மியப் பெண். இப்படிப் பிறந்தவர்களை அங்கே 'கப்யா' என்பார்களாம், கலப்பு என்று அர்த்தம். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகளும் வியாபாரங்களும் அரசுடைமை ஆயின. நம்மவர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். ஆயா 1965-ல் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினாள். அவள் அம்மா வரவில்லை. "எனக்கு அந்த ஊர்ல யாரைத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, தன் தங்கை வீட்டோடு இருந்துகொண்டாள். கொஞ்ச வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது.

எங்கள் வீட்டில் இது ரகசியம் இல்லை. ரகசியமாக இருந்திருந்தாலாவது எவராவது கதையாகச் சொல்லியிருப்பார்கள். வெயில் அடிப்பது மாதிரி, எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் பேசாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை மொகிங்கா செய்வாள், மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் பக்கம் போய் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டு வந்தோம் என்று யாராவது சொன்னால், "அதுல அவ்ளோ புளி ஊத்துவாங்களா?" என்று முகத்தைச் சுளிப்பாள். திட்டுவது தமிழில், சாமி கும்பிடுவது தமிழில். எண்ணுவது மட்டும் பர்மீஸில். உலையில் போடும் அரிசிப் படி, பால்காரனிடம் வாங்கும் சில்லறை, மாடிப்படி, மாத்திரை, எதுவாக இருந்தாலும் உதடு அசையும்: தித், நித், தோன். பள்ளிக்கூடத்தில் நான் ஒண்ணு ரெண்டு கற்றுக்கொள்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த எண்கள் அவைதான். அது வேறொரு மொழி என்பது ஆறு வயசு வரை எனக்குத் தெரியாது. கொழுக்கட்டைக்கு ஒரு எண்ணிக்கை, கணக்குப் பாடத்துக்கு ஒரு எண்ணிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரங்கூனில் இருந்தவரை ஆயாவை 'கலா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போனவர்களை இளக்காரமாகச் சொல்லும் வார்த்தை. இங்கே இறங்கியதும் 'பர்மாக்காரி' ஆகிவிட்டாள். இரண்டும் அடுத்தவர் வைத்த பெயர். காகிதத்தில் ஏறியது மூன்றாவது: சாதிச் சான்றிதழ் அப்பா வழி, ரேஷன் கார்டு புருஷன் வழி. அவள் அம்மா எந்தத் தாளிலும் இல்லை.

மற்றவை: 9

ஆயா கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதென்றால், எனக்கு எண்ணிக்கையே தெரியாது. அவ்வளவு பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். 2007-ல் காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். ஒரு படிவத்துக்கு முப்பது ரூபாய். தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம், மண்ணடி என்று சுற்றினேன். வடசென்னையில் பிறந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து அனுப்பினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதில் 'குடும்பத்தின் மொழி மற்றும் பூர்வீகம்' என்று ஒரு கேள்வி. தமிழ் 1, தெலுங்கு 2, உருது 3, மலையாளம் 4, இந்தி 5, மற்றவை 9. ஒன்பதைப் போட்டால் பக்கத்தில் விவரம் எழுத வேண்டும். விவரம் எழுதினால் சாயந்திரம் சூப்பர்வைசர் கூப்பிட்டு இது என்ன, அது என்ன என்று அரை மணி நேரம் பிடுங்குவார். அதனால் எங்களில் யாருமே ஒன்பது போடவில்லை. காசிமேட்டில் ஒரு அம்மா, "மாமியாராண்ட தெலுங்கு, புள்ளைங்களாண்ட தமிழு, சண்டைன்னா ரெண்டும்" என்றார். பூர்வீகம் கேட்டதற்கு, "கடல்தான், வேறெது?" என்று சிரித்தார். நான் 1 போட்டேன். சௌகார்பேட்டையில் மார்வாரி பேசும் வீட்டுக்கு 5. மண்ணடியில் ஒரு பெரியவர், தமிழ் பேசும் முஸ்லிம், "உருது போட்றாதப்பா, எனக்கு அதுல வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் போனவன் எவனோ பெயரைப் பார்த்ததும் உருது போட்டிருக்கிறான் போல.

மண்ணடி என்றதும் ஞாபகம் வருகிறது, பக்கத்திலேயே அரண்மனைக்காரன் தெரு. சின்ன வயசில் நைனாவோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அரண்மனை எங்கே என்று தேடுவேன். அது ஆர்மீனியன் தெரு என்பதும், ஆர்மீனிய வியாபாரிகள் 1772-ல் கட்டிய தேவாலயம்தான் அங்கே இன்னும் நிற்கிறது என்பதும் பிற்பாடு தெரிந்தது. பாரசீகத்திலிருந்து மணியும் பட்டும் கொண்டுவந்து விற்றவர்களின் கல்லறைகள் அந்த முற்றத்தில் இருக்கின்றன. கும்பிட வரும் ஆர்மீனியர்கள்தான் இல்லை. எந்தப் படிவமும் இல்லாமல் நம் ஜனங்களின் வாயே அவர்களை அரண்மனைக்காரர்கள் ஆக்கிவிட்டது. தப்பாக எண்ணியதில் லாபம் அடைந்த கூட்டம் எனக்குத் தெரிந்து அவர்கள் மட்டும்தான்.

நான் முப்பது ரூபாய்க்குச் செய்ததைத்தான் பெரிய அளவில் அரசாங்கமும் செய்கிறது என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது. 2011 கணக்கெடுப்பில் தாய்மொழி என்று ஜனங்கள் சொன்ன பெயர்கள் 19,569. சீர்செய்து தொகுத்தபின் 1,369. இனம் பிரித்து அடுக்கி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுகிற மொழிகள் என்று வெளியிட்டபோது 121. மார்வாரி இந்திக்குள் போய்விட்டது, லம்பாடியும் அதற்குள்தான். நான் சௌகார்பேட்டையில் போட்ட 5 சரியான விடை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தொகுப்பு விவகாரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். யாரும் பேசாத ஒன்று அந்த வேலையில் என் கண்ணில் பட்டது. கதவைத் திறப்பவர் யாரோ அவர்தான் வீட்டில் இருக்கும் எட்டுப் பேருக்கும் பதில் சொல்வார். பெரும்பாலும் ஆண். பெண்டாட்டியின் பூர்வீகம் என்ன என்று கேட்டால் தன்னுடையதைச் சொல்வார். அடுப்படியில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லுங்கள் என்று நான் ஒரு வீட்டிலும் சொன்னதில்லை. வெயில், தாகம், இன்னும் பத்து வீடு பாக்கி.

2011 பிப்ரவரியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தவன் நான். கணக்கெடுக்க வந்தவர் ஒரு டீச்சர். வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது, மோர் கொடுத்தேன். அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தவன் இல்லையா, சீக்கிரம் முடித்துக்கொடுக்க நினைத்தேன். தாய்மொழி என்று வந்ததும், "எல்லாருக்கும் தமிழ்தான் மிஸ், கீழ வரைக்கும் போட்டுடுங்க" என்றேன். போட்டுவிட்டார்.

தாய்மொழி என்றால் என்ன என்று கணக்கெடுப்பவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் விளக்கம் இருக்கிறது. ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழி. தாய் சின்ன வயதிலேயே இறந்திருந்தால் அந்த வீட்டில் பேசிய மொழி. அவ்வளவுதான், அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை 2021-ல், அந்தப் போன் வந்த வாரத்தில், தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். நம் ஊர்க் காகிதங்களிலேயே அம்மாவை மட்டும் கேட்கும் கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த விதிப்படி பார்த்தால் என் ஆயாவின் தாய்மொழி பர்மீஸ். விதி அவள் பக்கம் இருந்திருக்கிறது. டீச்சர் கேட்டபோது அவள் பத்தடி தள்ளி, ஜன்னல் ஓரமாக, ஊறுகாய்க்கு மாங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள். எந்த மொழியில் என்று சொல்ல வேண்டியதில்லை.

கனடாக்காரன் ஆன கதை

குற்ற உணர்ச்சியோடு இருப்பவன் முதலில் செய்வது, குற்றமே இல்லை என்று நிரூபிக்கப் பார்ப்பதுதான். நானும் படிக்க ஆரம்பித்தேன். இந்த எண்ணிக்கையெல்லாம் சுத்தப் பித்தலாட்டம் என்று காட்டிவிட்டால் நான் சொன்ன பதிலுக்கு ஒரு கெடுதலும் இல்லை பாருங்கள்.

கனடா எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. அங்கே மூலத்தைக் கேட்கும் கேள்விக்குக் கீழே உதாரணமாகச் சில பெயர்களை அச்சடிப்பது வழக்கம். 1991-ல் நூற்றுக்கு நாலு பேர் வாக்கில்தான் தங்கள் மூலம் 'கனடியன்' என்று எழுதினார்கள். 1996-ல் அந்த உதாரணப் பட்டியலில் 'கனடியன்' என்ற சொல்லையும் சேர்த்து அச்சடித்தார்கள். உடனே நூற்றுக்கு 31 பேர் கனடியன் ஆனார்கள், 2001-ல் 39 பேர். ஐந்து வருஷத்தில் ஒரு நாட்டின் முன்னோர்கள் மாறிவிட்டார்கள்! என் தங்கச்சி நிரப்பிய 2021 படிவத்தில் உதாரணங்களையே எடுத்துவிட்டு, வேண்டுமானால் இணையத்தில் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். முந்தைய முறை 32 சதவீதமாக இருந்த 'கனடியன்' 16-க்கு வந்துவிட்டது. அதற்குள் செத்துப்போனவர்கள் அத்தனை பேர் இல்லை, அச்சடித்த சொல்தான் போய்விட்டது.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. 1920 முதல் 1940 வரை மூன்று கணக்கெடுப்புகளில் இனம் என்ற கட்டத்தில் 'ஹிந்து' ஒரு வகை. இந்தியாவிலிருந்து போனவர் என்றால் சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் ராயபுரத்து வேதக்காரரானாலும் இனம் ஹிந்து. ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்று அங்கே 2000-ல்தான் விட்டார்கள். பிரான்ஸ் இந்த வம்பே வேண்டாம் என்று கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதே இல்லை. அதுதான் சரி என்று முடிவு கட்டினேன். கேட்டால்தானே பொய் சொல்கிறோம், கேட்காமலே விட்டுவிட்டால் என்ன? ஏழெட்டு மாசம் இந்தக் கட்சியில் தீவிரமாக இருந்தேன். டீக்கடையில் ஆள் கிடைத்தால்கூட விடவில்லை.

கட்சி கலைந்தது பெரம்பூரில். அந்த வருஷம் டிசம்பரில், எங்கள் அம்மாவோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி வீட்டுக்கு, கேக் வாங்க வழக்கம்போலப் போயிருந்தேன். அவர் அப்பா ரயில்வேயில் டிரைவர். பெரம்பூரில் அந்த ஜனங்கள் பாதிக்கு மேல் ரயில்வே உப்பைத் தின்றவர்கள்தான். ஒயினைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் என் தத்துவத்தை அவிழ்த்துவிட்டேன். பிரான்ஸ், அமெரிக்கா எல்லாம் சொல்லி முடித்து, "கேக்காம விட்டாலே நல்லது ஆன்ட்டி" என்றேன்.

"எங்களக் கேக்காமதான் விட்டாங்க மேன். அதான் 296" என்றார்.

2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன எண் அது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க இருக்கும் ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர் என்று மத்திய அமைச்சரே சொன்னார். அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் நீங்கள் ஆங்கிலோ இந்தியரா என்று கேட்கும் கேள்வி கிடையாது. மதம் கேட்டார்கள், கிறிஸ்தவர் என்றார்கள். தாய்மொழி கேட்டார்கள், ஆங்கிலம் என்றார்கள், அப்படிச் சொன்னவர்கள் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். கேட்காத கேள்விக்கும் ஒரு விடை வந்தது. மக்களவையில் அவர்களுக்கு இருந்த இரண்டு நியமன இடங்களும், சட்டமன்றத்தில் இருந்ததும் 104-வது திருத்தத்தோடு 2020 ஜனவரியில் போய்விட்டன. "எங்க ரயில்வே இன்ஸ்டிடியூட் கிறிஸ்மஸ் டான்ஸுக்கே அதுக்கு மேல வருவாங்க. நின்னு எண்ணியிருந்தாலே போதும்" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் தன் பையனைக் காட்டினார். அவன் கேக்கைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அரசியலமைப்புச் சட்டத்தின் 366-வது பிரிவில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று எழுதியிருக்கிறது. தகப்பனோ, தகப்பன் வழியில் முன்னோரான ஓர் ஆணோ ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். தாய் வழி செல்லாது. ஆன்ட்டி கட்டிக்கொண்டது அயனாவரத்துத் தமிழரை. அதனால் வீட்டில் இங்கிலீஷ் பேசி, ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சோறும் கறி உருண்டைக் குழம்பும் சாப்பிட்டு, அம்மாவோடு அந்த டான்ஸுக்குப் போய் ஜைவ் ஆடும் அந்தப் பையன் சட்டப்படி ஆங்கிலோ இந்தியன் இல்லை. "பத்து மாசம் சுமந்தது நான். ஆனா இவன் யாருன்னு அவரக் கேக்கணுமாம்" என்று உள்ளே படுத்திருந்த புருஷனைக் கை காட்டினார். உள்ளேயிருந்து, "என்னை இழுக்காத" என்று குரல் வந்தது.

கேக்கோடு வியாசர்பாடிக்கு நடந்தே வந்தேன். கேட்பதால் கெடுகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். ஜீவா ரயில் நிலையம் தாண்டும்போதுதான் புரிந்தது, என் விஷயத்தில் கேள்வி ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. 2011-ல் இந்திய அரசு அம்மாவின் மொழியைக் கேட்டது, 2021-ல் கனடா எத்தனை முன்னோரை வேண்டுமானாலும் எழுதச் சொன்னது. இரண்டு முறையும் ஆயாவின் அம்மாவுக்கு இடம் இருந்தது. இரண்டு முறையும் வாசலில் நான் நின்றேன்.

இந்த வருஷம்

அதற்கப்புறம் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. மீன் வாங்கிக்கொடுத்தேன். இந்தியக் கணக்கெடுப்பு 2021-ல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போய் இப்போது 2027 என்கிறார்கள். இந்த முறை சாதியும் கேட்கப்போகிறார்கள். எல்லோருடைய சாதியையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931-ல் நடந்தது. வேண்டும் வேண்டாம் என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று 296-ஐப் பார்த்தவன் என்பதால் நான் வேண்டும் என்கிற பக்கம். ஆனால் கலப்புக் கல்யாணம் செய்துகொண்ட வீடுகளில் அந்தக் கேள்விக்கு யார் எழுந்து வந்து பதில் சொல்வார்கள் என்ற கவலை எனக்கு விட்டபாடில்லை. டீச்சர் வந்தால் ஆயாவை நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார வைப்பதாக இருக்கிறேன்.

கனடாவில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. இந்த 2026 மே மாதம் தங்கச்சிக்குக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, இந்த முறை பர்மீஸும் எழுதப்போகிறேன் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டாள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை "பேப்பர் வந்துச்சாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தது. சின்னப் படிவம். பெயர், வயசு, வீட்டில் யார் யார், என்ன மொழி. முன்னோரைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலில் ஒரு வீட்டுக்குத்தான் அந்தக் கேள்வி போகும், இந்த முறை சீட்டு இவளுக்கு விழவில்லை.

ராத்திரி தங்கச்சி ஸ்பீக்கரில் இதைச் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஆயா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப எப்ப கேப்பாங்களாம்?"

"2031-ல ஆயா."

தைலக் கையை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு விரல் விட்டாள். தித், நித், தோன், லே, ஙா.